சராசரி காட்டாத கரை

2024 நவம்பர் 20 காலை முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை ராமேஸ்வரத்தில் 44 சென்டிமீட்டர் மழை பதிவானது. தங்கச்சிமடத்தில் 34, பாம்பனில் 28, பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் மண்டபத்தில் 27. ராமேஸ்வரத்து மழையில் 41 செ.மீ. பத்து மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்தது. பாம்பனில் பகல் பதினொன்றரைக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் மட்டும் 19 செ.மீ. அன்று புயல் எதுவும் கிடையாது. கடலுக்கு மேலே உருவான ஒரு காற்றுச் சுழற்சியும் அதற்குக் கீழே சூடாகக் கிடந்த கடலும் போதுமானவையாக இருந்தன.

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 827 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் ஓர் ஊரில் இறங்கிவிட்டது. ஆனால் இந்த ஒப்பீட்டைவிட என்னை அதிகம் உறுத்துவது பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே விழுந்த 16 செ.மீ. வித்தியாசம். இரண்டும் ஒரே தீவில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊர்கள். இந்தக் கரையின் நீண்டகாலத் தட்பவெப்பத்தை ஆராய வருகிறவர்கள் பாம்பன் வானிலை நிலையத்தின் பதிவுகளைத்தான் முதலில் எடுக்கிறார்கள்; நூறாண்டைக் கடந்த தொடர் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தொடரில் 2024 நவம்பர் 20 என்பது 28 செ.மீ. பெய்த நாள். அதுவே பெரிய எண்தான். இருந்தாலும் தீவின் கிழக்குப் பாதியில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது.

ஒரு நாளின் கதையே இப்படியென்றால், நூறாண்டுச் சராசரி எதைச் சொல்லும்? இந்தக் கரையில் நடந்துவரும் மாற்றத்தை ஆண்டுச் சராசரி மழையிலோ, ஆண்டுச் சராசரி வெப்பத்திலோ தேடுகிறவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே கிடைக்கும் என்பது என் கருத்து. மழை எத்தனை நாளில் வந்தது, வெப்பத்தோடு எவ்வளவு ஈரம் சேர்ந்தது, கடல் எத்தனை வாரம் சூடு இறங்காமல் கிடந்தது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கிறது. கூடவே இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். மனிதர்கள் நேரடியாகக் கெடுத்ததை எல்லாம் வானத்தின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. இந்தக் கரையில் அப்படி எழுதப்பட்டவை நிறைய.

827 மி.மீ. என்பது உண்மையில் வறண்ட ஊரின் எண்ணே அல்ல. லண்டன் மாநகரில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 600 மி.மீ. அங்கே அது பன்னிரண்டு மாதமும் தூறித் தூறி விழுகிறது. வெயிலும் குறைவு என்பதால் விழுந்த நீர் மண்ணில் தங்குகிறது. இங்கே ஏறக்குறைய அறுபது விழுக்காடு மழை அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வந்தாக வேண்டும். அந்தப் பருவத்திலும் நாள்தோறும் பெய்வதில்லை. வங்கக் கடலில் உருவாகும் மூன்று நான்கு தாழ்வுநிலைகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதைப் பொறுத்து ஒரு ஆண்டின் தலையெழுத்து முடிவாகிறது. அரசு ஊழியரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவதாக மிரட்டுகிற பழைய அதிகாரிகள் ஜூன், ஜூலையில் மட்டும் இந்தப் பக்கம் வந்திருப்பார்கள் போலிருக்கிறது.

அந்த மாதங்களில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். மன்னார் வளைகுடாவைத் தடவிக்கொண்டு வருவதால் அதில் ஈரம் இல்லாமல் இல்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டுக் கிழக்கே வரும் காற்று கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும். மேகம் மேலெழுந்து குளிர்ந்து மழையாவதற்கு அது இடம் கொடுப்பதில்லை. கேரளம் நனையும் தென்மேற்குப் பருவத்தில் ராமநாதபுரம் தன் ஆண்டு மழையில் ஆறில் ஒரு பங்கைப் பார்த்தாலே பெரிது.

சில நாள் மழையை ஆண்டு முழுவதும் வைத்துப் பிழைக்கிற கலை இங்கே கண்மாயாக உருவெடுத்தது. மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும் நிலத்தில், ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வெளியேறும் நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும். வைகையே கடலுக்குப் போவதற்கு முன் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிற ஆறுதான். நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடை என்று ஆர்.எஸ். மங்கலம் கண்மாயைப் பற்றிச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய கரையைக் கட்டியவர்களுக்கு ஆண்டுச் சராசரி என்ற கணக்கு தெரியாது. பத்து ஆண்டில் ஒரு தடவை வரும் பெருமழையைத் தாங்கவும், அடுத்த இரண்டு ஆண்டு பொய்த்தால் சமாளிக்கவும் எவ்வளவு உள்வாய் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஏற்ற இறக்கத்தை எதிர்பார்த்துச் செய்த கட்டுமானம் அது.

ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு ஆண்டுகள் போதும். 1876: தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. ராமநாதபுரம் சமஸ்தானத்து மக்கள் உட்பட தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோரை அடுத்த இரண்டு ஆண்டுகளில் கொன்ற பஞ்சம். 2016: தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவத்தில் வரவேண்டிய 440 மி.மீ. மழையில் 168 மட்டுமே வந்தது. 62 விழுக்காடு பற்றாக்குறை. 1876க்குப் பிறகு அவ்வளவு குறைவாக அந்தப் பருவத்தில் பெய்ததில்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டான 2015இலோ இதே பருவமழை சென்னையை மூழ்கடித்திருந்தது.

இப்படித் துள்ளும் தொடரில் நேர்க்கோடு ஒன்றைப் போட்டு மழை கூடுகிறது, குறைகிறது என்று தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. எந்த ஆண்டில் தொடங்குகிறோம், எதில் முடிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோடு மேலேயும் போகும், கீழேயும் வரும். பசிபிக் கடலில் எல் நினோ வந்தால் வடகிழக்குப் பருவமழை பொதுவாகக் கூடும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிடச் சூடானாலும் கூடும், நேர்மாறானால் குறையும். 2016இல் அந்த நேர்மாறு நிலை வலுவாக இருந்தது. அதனால் ‘முன்பெல்லாம் நல்லா பெய்யும், இப்ப மழையே இல்லை’ என்ற பேச்சை நான் அப்படியே ஏற்பதில்லை. அந்தப் பேச்சுக்குள் வேறொரு உண்மை இருக்கிறது. முன்பு பெய்த மழை கண்மாயில் நின்றது. இப்போது பெய்வது நிற்பதில்லை.

நிற்காததற்குக் காரணம் பாதி மண்ணில் கிடக்கிறது. வரத்துக்கால்கள் தூர்ந்துபோயின, பல இடங்களில் ஆக்கிரமிப்பு. உள்வாயில் வண்டல் படிந்து கண்மாயின் கொள்ளளவு சுருங்கியது. அதன்மேல் சீமைக் கருவேலம் ஏறிக்கொண்டது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. மழை பொய்த்தால் நெல் கருகும், கருவேலம் கருகாது. அதை வேரோடு பிடுங்க வேண்டும் என்று நகரத்திலிருந்து சொல்கிறவர்கள் அடுத்த ஆண்டு வறட்சியில் அந்தக் குடும்பம் எதை விற்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுபாதி காரணம் மழை வரும் விதத்தில் இருக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 விழுக்காடு கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த இயற்பியல் இது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கையின்படி, 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 1 டிகிரி சூடேறியிருக்கிறது. ஆக மேகத்துக்குக் கிடைக்கும் சரக்கு கூடிவிட்டது. மழை நாட்கள் கூட வேண்டிய அவசியம் இல்லை. பெய்யும் நாளில் அதிகம் பெய்யலாம், பெய்யாத நாட்கள் நீளலாம். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் தொகை பழையபடியே இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18இல் இதே மன்னார் வளைகுடாக் கரையின் தெற்குப் பகுதியில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. ராமநாதபுரத்தின் ஓராண்டு மழையைவிட அதிகம். அடுத்த ஆண்டு நவம்பரில் ராமேஸ்வரம். இரண்டிலும் புயலின் பெயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நிகழ்வை வைத்துப் போக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சூடான கடலோரத்தில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று இயற்பியல் சொல்கிறதோ, அதற்கு இவை முரணாக இல்லை.

எதிர்மாறான எடுத்துக்காட்டு 2020இன் புரெவிப் புயல். டிசம்பர் 2 இரவு திரிகோணமலை அருகே இலங்கைக்குள் நுழைந்து, மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனுக்குப் பக்கத்தில் வந்து வலுவிழந்து, அதே இடத்தில் மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. ராமநாதபுரத்துக்குத் தலைக்கு மேல் நீர் என்று எல்லோரும் பயந்தார்கள். அதிகனமழை விழுந்ததோ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால்: டிசம்பர் 4 காலை வரையிலான ஒரு நாளில் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34. தாழ்வு மண்டலம் வாசலில் நின்றாலும் மழை பக்கத்து வீட்டுக்குப் போகலாம். இந்தக் கரையின் மழையை முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பெருமழையும் புயலும் இப்போதுதான் புதிதாக வருகின்றன என்று நினைக்கவும் கூடாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கிய புயல், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே உருவாகி, இலங்கையைக் கடந்தும் வலுக்குறையாமல் வந்தது. சுமார் 1,800 பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பயணிகள் ரயில் ஒருவர்கூட மிஞ்சாமல் அடித்துச் செல்லப்பட்டது. கடல் சூடேறுவது பற்றி உலகம் பேசத் தொடங்காத காலம் அது. இப்போது வரும் ஒவ்வொரு புயலையும் பருவநிலை மாற்றத்தின் பிள்ளை என்று சொல்கிறவர்கள் இந்த ஆண்டை மறந்துவிடுகிறார்கள்.

கொட்டித் தீர்க்கும் மழை நிலத்துக்கு எவ்வளவு பயன் தருகிறது என்பதை ராமேஸ்வரத் தீவின் மணல் நன்றாகவே காட்டும். தீவில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்கடியில் உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயர்ந்தால் அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு உப்பைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. திருப்பிச் சொன்னால், ஒரு அடி இறங்கினால் நாற்பது அடி உப்பு மேலேறும். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டும் ஊற்றுகளில் குடிநீர் கிடைப்பது இந்த அடுக்கினால்தான். ஐப்பசியின் அடைமழை அந்த அடுக்கைப் பொறுமையாக நிரப்பும். பத்து மணி நேரத்தில் 41 செ.மீ. விழுந்தால் மணல் குடித்தது போகப் பெரும்பங்கு தெருவில் ஓடிக் கடலில் கலக்கும். தெருக்களும் வாகன நிறுத்தங்களும் சிமென்ட் ஆன பிறகு மணலுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

உள்நாட்டில் விவசாயி வேறு விதமாக மாட்டிக்கொள்கிறார். ராமநாதபுரத்தில் நாற்றுவிட்டு நடுவது குறைவு. புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் பெரும்பான்மை வழக்கம். முதல் மழை முளைக்க வைக்கிறது. பிறகு இருபது, இருபத்தைந்து நாள் வானம் கைவிட்டால் முளைத்தது கருகும். மறுவிதைப்புக்கு விதைநெல் வாங்க வேண்டும். அறுவடை நேரத்தில் தையில் மழை வந்தால் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைக்கும். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009இல் வெளியிட்ட அண்ணா (ஆர்) 4 என்ற ரகம் நூறு நாள் சொச்சத்தில் அறுவடைக்கு வருவது. வறட்சியைத் தாங்கும் என்பதற்காக உருவாக்கப்பட்டது. மாவட்டத்தின் ஆண்டு மழைத் தொகை எதுவாக இருந்தாலும் இந்த விவசாயிக்கு அதனால் பயனில்லை. இரண்டு மழைக்கு நடுவே எத்தனை நாள் என்பதே அவருடைய கேள்வி. அந்த எண்ணை மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் நான் பார்த்ததில்லை.

கடலுக்கு வருவோம். தீவின் வடக்கே பாக் நீரிணை, ஆழம் குறைந்த, அலை அடங்கிய பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டு, 1949இலிருந்து 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம் முகாமையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இந்தியக் கடலியலின் முதல் தலைமுறை ஆராய்ச்சிகளில் பல இந்தத் தண்ணீரில்தான் நடந்தன. அதனால் கடலின் சூடு பற்றி இங்கே ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது.

அந்தச் சூட்டை நேரடியாகக் காட்டுவது பவளம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளைச் சுற்றிய பவளப் பாறைகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டிச் சில வாரம் நின்றால் பவளம் தன் திசுவுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் தேறும், தணியாவிட்டால் செத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய வெளுப்புகள் நிகழ்ந்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் கடலுக்குள் இறங்கி எடுத்த கணக்கின்படி, 2016க்கு முன் 38.9 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு வெளுப்புக்குப் பின் 22.7க்கு இறங்கியது. ஒரே கோடையில் நடந்த இழப்பு இது. அந்த ஆண்டின் சராசரிக் கடல் வெப்பநிலையைப் பார்த்தால் இவ்வளவு பெரிய சாவு நடந்ததாகத் தெரியாது. சித்திரை, வைகாசியில் எத்தனை நாள் சூடு இறங்கவில்லை என்று பார்த்தால்தான் தெரியும்.

அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் நீருக்குள் போய்விட்டதைப் பருவநிலை மாற்றத்தின் பலியாகச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மி.மீ. உயர்ந்தது உண்மை. கால் நூற்றாண்டுக்கு எட்டு சென்டிமீட்டர். அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் பல பத்தாண்டு வெட்டி எடுத்ததும் உண்மை. அலையை உடைக்கும் வேலியைப் பிடுங்கிவிட்டு, மணல் கரைந்ததற்கு எட்டு சென்டிமீட்டரைக் காரணம் சொன்னால் கணக்கு இடிக்கிறது. கடல்மட்டம் வேலியில்லாத தீவில் வேலையை முடித்து வைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மீனிலும் இதே சிக்கல்தான். மத்தி ஒரு காலத்தில் மலபார்க் கரையின் மீன். 1980களுக்குப் பிறகு கிழக்குக் கரையில் பெருகியது. இங்கே பேய்ச்சாளை என்று சொல்வார்கள். கடல் சூடேறியதால் அதன் பரப்பு விரிந்தது என்று மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி இ. விவேகானந்தனும் அவருடைய குழுவினரும் எழுதியிருக்கிறார்கள். பாக் நீரிணையில் மற்ற மீன்கள் குறைந்ததற்கோ இழுவை மடிகள் பல பத்தாண்டு அடிமணலை வாரிக்கொண்டிருந்ததே முதல் காரணம். பெருகிய மீனுக்குச் சூடு காரணம், குறைந்த மீனுக்கு மடி காரணம் என்று இவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிடவும் முடியாது.

கடற்பாசியின் கதையில் சூட்டின் பங்கு இன்னும் தெளிவு. காப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளையினர் சோதித்துப் பார்த்த பிறகு, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் வணிக அளவில் வளர்க்க வைத்தது. ஊரில் பெப்சிப் பாசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூங்கில் மிதவைகளில் கட்டி நாற்பத்தைந்து நாளில் அறுக்கும் இந்தப் பாசியால் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம்போல ஒரு வருமானம் வந்தது. 2013க்குப் பிறகு கடல்நீரின் சூடு திடீரென ஏறியபோது மிதவை மிதவையாகப் பாசி வெளிறி அழுகியது. விளைச்சல் அடியோடு சரிந்தது. குருசடைத் தீவின் பவளத்தின்மீது இதே பாசி படர்ந்து கேடு செய்வதாக அதற்கு முன்பே சர்ச்சை இருந்ததால், அதன் அழிவைக் கண்டு வருந்தாத ஆய்வாளர்களும் உண்டு.

மழையும் கடலும் போக, மிச்சமிருப்பது காற்றின் வெப்பமும் ஈரமும். இதுதான் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. கோடையில் மதுரை 40 டிகிரியைத் தாண்டும்போது பாம்பன் 33, 34இல் நிற்கும். மாலைச் செய்தியில் வெயில் கொளுத்திய ஊர்கள் பட்டியலில் பாம்பன் பெயர் வருவதே இல்லை. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி கூடியது என்று மேலே சொன்ன அமைச்சக அறிக்கை கூறுகிறது. கடல் சூழ்ந்த பாம்பனுக்கு அதையொட்டிய ஒரு எண்ணைச் சொன்னால் கேட்பவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்.

ஆனால் உடம்புக்குத் தெரிவது வேறு கணக்கு. வானிலை நிலையத்தின் வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று உலர்ந்தது. மற்றொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். வியர்வை ஆறும்போது உடம்பு குளிர்வதும் இதே வழியில்தான். அதனால் ஈரக்குமிழ் காட்டும் எண்தான் மனித உடம்பு எவ்வளவு தூரம் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியும் என்பதன் எல்லை. மதுரையில் 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் ஏறத்தாழ 26 காட்டும். பாம்பனில் 33 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால் 29 காட்டும். வெயில் ஏழு டிகிரி குறைந்த ஊரில் உடம்பின் திண்டாட்டம் மூன்று டிகிரி அதிகம்.

இந்த எண் 35ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவரும் சில மணி நேரத்துக்கு மேல் பிழைக்க முடியாது என்பது பழைய கணிப்பு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான சோதனைகள், ஈரமான சூழலில் உடம்பு சூட்டைச் சமாளிக்கும் எல்லை 31க்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது என்று காட்டின. 29க்கும் 31க்கும் நடுவே இருப்பது இரண்டே டிகிரி. கடல் சூடேற ஏறக் கரையோரக் காற்றின் ஈரமும் கூடவே ஏறும். நாலாபுறமும் தண்ணீர் இருக்கும் தீவில் அந்த ஈரம் எங்கும் போகாது. இரவிலும் தணியாது. மே மாத இரவுகளில் பாம்பன் 26, 27க்குக் கீழே இறங்குவது அரிது. பனையோலையும் கிடுகும் வேய்ந்த வீடுகள் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கான்கிரீட்டுக்கும் மாறிய பிறகு வீட்டுக்குள் அந்த அளவுகூடத் தணிவதில்லை. இதில் எவ்வளவு பருவநிலை, எவ்வளவு கூரை என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் வீட்டுக்குள் வெப்பமானி வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கரையின் ஈரக்காற்றை இதுவரை கவனமாக அளந்து கணக்கில் எடுத்தவர்கள் ரயில்வேப் பொறியாளர்கள்தான். மயாமிக்கு அடுத்து உலகில் இரும்பை அதிகம் அரிக்கும் இடம் பாம்பன் என்று அவர்கள் சொல்வது வழக்கம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்துக்கு அரிமானத்தைத் தடுக்கும் சிறப்புப் பூச்சு என்ன, எத்தனை ஆண்டு தாங்கும் என்று நீண்ட விவாதம் நடந்தது. நடக்க வேண்டியதுதான். அதே காற்றில் வேலை செய்யும் உடம்புகளுக்கு அப்படி ஒரு கணக்கு யாரும் போடவில்லை.

வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் 1970களிலிருந்து இருக்கின்றன. அதைச் சுற்றித் தனியார் அளங்களும் உண்டு. உப்பு விளைய வேண்டுமானால் பாத்தியில் நிற்கும் நீர் ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் அது மந்தமாகும். தொழிலாளியின் வியர்வையும் அதே காற்றில்தான் ஆற வேண்டும். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பின் எதிரொளி. சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி விடியலிலும் மாலையிலும் ஏறுவதால் உச்சிவெயிலிலிருந்து தப்பிக்கிறார். உப்பு வாருகிறவர் வெயிலுக்கு முன் எவ்வளவு முடிக்க முடியுமோ அவ்வளவுதான் தப்பிக்க முடியும்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் விதிப்படி கடலோர நிலையமொன்றில் வெப்ப அலை என்று அறிவிக்க அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவும் வேண்டும். பாம்பன் 37ஐத் தொடுவது எப்போதோ ஒரு முறை. ஆக ஈரக்குமிழ் 29, 30 என்று நிற்கும் நாட்களிலும் இந்தத் தீவுக்கு வெப்ப அலை அறிவிப்பு வராது. வராத அலையால் ஒருவர் இறந்தார் என்று எந்த மருத்துவர் எழுதுவார்?

இந்த ஈரத்தைக் கணக்கில் எடுக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை என்பதுதான் விசித்திரம். உலர்குமிழுக்குப் பக்கத்தில் ஈரக்குமிழும் வானிலை நிலையத்தில் நாள்தோறும் படிக்கப்படுகிறது, ஏட்டிலும் ஏறுகிறது. நூறாண்டுத் தொடரில் மே மாதத்தில் ஈரக்குமிழ் 28ஐத் தாண்டிய நாட்கள் பத்தாண்டுக்குப் பத்தாண்டு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை. பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ சமூக வானொலி 2016 முதல் மீனவர்களுக்கெனவே இயங்குகிறது. கடலுக்குப் போவதற்கு முன் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, அன்றைய ஈரக்குமிழ் எண்ணையும், பகல் பதினொன்றுக்கு மேல் அளத்தில் நிற்க வேண்டாம் என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லலாம். உப்பள ஒப்பந்தக்காரர்கள் கேட்பார்களா என்பது வேறு விஷயம். அதற்கு வானொலி போதாது, தொழிலாளர் துறையின் உத்தரவு வேண்டும்.